சேற்றுக்குள் போகும் வெயில்

புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு. உணவுச் சங்கிலி என்றதும் தமிழ்நாட்டில் படித்த எவருக்கும் இந்த வரிசைதான் ஞாபகம் வரும். நான் உயிரியல் ஆசிரியை. வருடா வருடம் கரும்பலகையில் இந்த ஐந்தையும் எழுதி நடுவில் அம்புக்குறி போடுகிறேன். ஆனால் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் கிள்ளை, பிச்சாவரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். அப்பா உப்பங்கழியில் வலை போடுகிறவர், அம்மா சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். அந்த வீடுகளில் உலை கொதிப்பது ஒரு உணவுச் சங்கிலியை நம்பித்தான். அதில் புல்லும் கிடையாது, வெட்டுக்கிளியும் கிடையாது. பழுத்து உதிர்ந்த இலையில் தொடங்கி, சேற்றுக்குள் இறங்கி, அங்கிருந்து மேலே வருகிற சங்கிலி அது. பாடப்புத்தகத்தில் மட்குப்பொருள் உணவுச் சங்கிலி என்று அதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு அந்தப் பத்திதான் முழுப் பாடமும். அதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுத ஆசை.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வடக்கில் வெள்ளாறும் தெற்கில் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவில் பிச்சாவரம் சதுப்புநிலக் காடு இருக்கிறது. ஏறக்குறைய 1,100 ஹெக்டேர். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது. படகில் போகிறவர்கள் படம் எடுப்பது சுரபுன்னை மரங்களைத்தான்; கால் பரப்பி நிற்கும் வேர்கள் அழகாக விழும். எண்ணிக்கையில் அதிகம் இருப்பது வெண்கண்டல், சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சு வேர்களை நீட்டிக்கொண்டு நிற்கும் மரம். கரை ஏறும் பக்கம் தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான்.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போன ஒரு நாள், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், இவ்வளவு எலை இருக்கே, இதை யாரு திங்கிறா? ஒரு ஆடு மாடு கூடக் காணோமே?" அருமையான கேள்வி. அவ்வளவு பச்சைக்கு நடுவில் கடித்த இலை, ஓட்டை விழுந்த இலை என்று தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும்.

காரணம் இலையிலேயே இருக்கிறது. சுரபுன்னை இலை தோல் மாதிரி தடிப்பு, உள்ளே டானின் நிறைய, வாயில் வைத்தால் துவர்க்கும். வெண்கண்டல் இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். வேர் வழியாக ஏறிய உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. வெயில் ஏறிய பிறகு பார்த்தால் இலைமேல் உப்புப் பொடி மினுங்கும். தில்லையைச் சொல்லவே வேண்டாம், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் சதுப்புநிலக் காடுகளில் 1960-களின் இறுதியில் ஹீல்ட், வில்லியம் ஓடம் என்ற இருவர் ஆராய்ந்தபோது, பச்சையாக இருக்கும்போதே பூச்சியும் மற்றவையும் தின்பது இலை உற்பத்தியில் சுமார் 5 சதவீதம்தான் என்று கண்டார்கள். மிச்சமெல்லாம் பழுத்து, தானே தண்ணீரில் விழுகிறது.

அந்த இலைக்குள் இருப்பது வெயில். சூரியனிலிருந்து எட்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் இங்கே வந்து சேர்ந்த ஒளியில் ஒரு சிறு துளியை மரம் பிடித்து, கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்துக் கட்டிச் சர்க்கரையாக்கி வைத்திருக்கிறது. எவ்வளவு சிறு துளி என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நான் எப்போதும் எடுப்பது சில்வர் ஸ்பிரிங்ஸ் கணக்கு. அதுவும் ஃபுளோரிடாதான். ஹோவர்ட் ஓடம் (முன்னே சொன்ன ஓடம் வேறு, இவர் வேறு) அந்த ஊற்று நீரோடையை அளந்து 1957-இல் வெளியிட்டார். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஓர் ஆண்டு முழுக்க விழும் வெயில் 17,00,000 கிலோகலோரி. செடிகள் உள்ளே வாங்கியது 4,10,000. அதில் சர்க்கரையாக மாறியது 20,810. அந்த 20,810-லும் பாதிக்கு மேல் செடிகள் தாங்கள் மூச்சுவிட்டு உயிர் வாழவே செலவழித்துவிட்டன. மற்ற உயிர்களுக்கு என்று எஞ்சியது 8,833. தாவர உண்ணிகள் எடுத்தது 3,368, அவற்றைத் தின்ற விலங்குகளுக்கு 383, உச்சியில் இருக்கும் பெரிய மீன்களுக்கு 21. பதினேழு லட்சத்தில் தொடங்கி இருபத்தொன்றில் வந்து நிற்கிற இந்தக் கணக்கைப் பலகையில் எழுதி முடிக்கும்போது வகுப்பு அமைதியாகிவிடும். ஓடம் இன்னொன்றையும் கணக்கில் சேர்த்தார்: சுற்றுலாப் பயணிகள் மீன்களுக்குப் போட்ட ரொட்டி, 486 கிலோகலோரி. கோயில் குளத்தில் மீனுக்குப் பொரி போடும் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த எண் உடனே பிடித்துப்போகும். உச்சியில் இருக்கும் மீன்களுக்கு வெயில் தந்ததைவிடப் பல மடங்கு அந்த ரொட்டி.

ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்குதான் மேலே போகும் என்று பாடத்தில் படிக்கிறோம். அது தோராயம், இடத்துக்கு இடம், உயிருக்கு உயிர் மாறும். மிச்ச ஒன்பது பங்கு எங்கே போகிறது என்பதைத்தான் நாம் சரியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது என் எண்ணம். ஒரு பகுதி தின்னப்படாமலே சாகிறது. ஒரு பகுதி தின்றும் செரிக்காமல் எச்சமாக வெளியே வருகிறது. செரித்ததில் பெரும்பகுதி ஓடவும் நீந்தவும் உடம்பைப் பராமரிக்கவும் செலவாகி வெப்பமாகிறது. வெப்பமாகிப் போனது போனதுதான். அதைத் திரும்பப் பிடித்து உணவாக்க எந்த உயிராலும் முடியாது. நைட்ரஜனும் பாஸ்பரசும் சேற்றுக்கும் மரத்துக்கும் நடுவே எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றி வரலாம். ஆற்றல் ஒரே திசையில் வந்து கடந்து போகிறது. நாளைக்கு மறுபடி சூரியன் உதித்தால்தான் கணக்கு ஓடும்.

தின்னப்படாததும் செரிக்காததும் இருக்கிறதே, அதைத் தேடித்தான் சேற்றுக்குள் போக வேண்டும்.

பழுத்த இலை விழும்போது அதில் சத்து குறைவு. உதிர்வதற்கு முன்பே மரம் அதிலிருந்த நைட்ரஜனில் பெரும்பகுதியை உறிஞ்சிக் கிளைக்குள் எடுத்துக்கொள்கிறது. விழுவது ஏறக்குறைய வெறும் நாரும் துவர்ப்பும். வற்றத்தின்போது, அதாவது கடல்நீர் இறங்கிச் சேறு தெரியும் நேரத்தில் அசையாமல் நின்று பார்த்தால், சிறு நண்டுகள் வளையிலிருந்து வெளியே வந்து மஞ்சள் இலையைக் கவ்விப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போவது தெரியும். சிலது அங்கேயே கிள்ளித் தின்னும், சிலது உள்ளே கொண்டுபோய் வைக்கும். நண்டு இழுக்காத இலை தண்ணீரில் மிதந்து, நனைந்து, மூழ்குகிறது. முதல் சில நாட்களில் சர்க்கரையும் உப்பும் கரைந்து வெளியேறும், தேநீர் நிறத்தில். பிறகு பூஞ்சையும் பாக்டீரியாவும் அதன்மேல் படர்கின்றன. அவை நாரை உடைத்துத் தின்னும்போது, தண்ணீரில் உள்ள நைட்ரஜனையும் இழுத்துத் தங்கள் உடம்பாக்கிக்கொள்கின்றன. அதனால் ஒரு விநோதம் நடக்கிறது. இலை அழுக அழுக அதன் எடை குறைகிறது, ஆனால் மிஞ்சும் துணுக்கில் புரதத்தின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. மரத்தில் பச்சையாக இருந்தபோது யாரும் சீண்டாத இலை, கறுத்துத் துணுக்கான பிறகு இறாலுக்கும் மடவை மீனுக்கும் விருந்தாகிறது.

அந்தத் துணுக்கைத் தின்னும் இறால் பெரும்பாலும் அதன்மேல் ஒட்டிய நுண்ணுயிரைத்தான் செரிக்கிறது. நார் அப்படியே எச்சத்தில் வெளியே வருகிறது. எச்சத்தின்மேல் மறுபடி பாக்டீரியா படர்கிறது, அதை இன்னொரு இறாலோ புழுவோ மீன்குஞ்சோ தின்கிறது. ஒரே துணுக்கு பல வயிறுகள் வழியாகப் போய் வருகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றல் கழன்று விடுகிறது. ஃபுளோரிடாக்காரர்கள் இருவரும் கண்டு சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

பள்ளியில் இதைச் செய்தும் பார்த்தோம். காட்டுக்குள் போகாமல், ஊர் ஓரத்து வாய்க்காலிலேயே. பழைய கொசுவலையில் சில பைகள், கண் பெரிதான மீன்வலையில் சில பைகள் தைத்தோம். வெண்கண்டலின் மஞ்சள் இலையையும் சுரபுன்னையின் மஞ்சள் இலையையும் தனித்தனியே நிறுத்துப் போட்டு, கம்பு நட்டுக் கட்டிவிட்டோம். வெண்கண்டல் சீக்கிரம் கரைந்தது. சுரபுன்னை இலை வீம்பாக உருவம் மாறாமல் கிடந்தது. கொசுவலைக்குள் நண்டு போக முடியாது, நுண்ணுயிர் மட்டும்தான். மீன்வலைப் பையில் எல்லாமும் போகலாம். இரண்டுக்கும் நடுவே வந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் ஒரு பையன் சொன்னான், "நண்டுதான் மிஸ் மொதல்ல பிச்சுக் குடுக்குது, அப்புறம்தான் மத்ததுக்கு வேலை சுலபம்." பையைப் பிரித்துக் கொட்டியபோது உள்ளே குட்டி இறால், பொடி நத்தை, சிவப்புப் புழு எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றும் அந்த இலையில் குடியிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

சேற்றில் காலை வைத்ததும் கிளம்பும் அழுகிய முட்டை நாற்றத்துக்குப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். பொத்தாதீர்கள், அதுவும் பாடம்தான் என்று நான் சொல்வேன். மேல்தட்டுக்குச் சற்றுக் கீழே போனாலே சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே இருக்கும் பாக்டீரியா கடல்நீரில் உள்ள சல்பேட்டை வைத்து மூச்சுவிடுகிறது. அப்படிச் செய்யும்போது இலையில் இருந்த ஆற்றல் முழுவதும் அதற்குக் கிடைப்பதில்லை. கணிசமான பங்கு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவுக்குள் தங்கிவிடுகிறது. அந்த நாற்றம் அதுதான். மேலே ஆக்சிஜன் எட்டும் இடத்தில் வேறு வகை பாக்டீரியா காத்திருந்து அந்த வாயுவைப் பிடித்து எரித்து, மிச்சத்தைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது. என்றோ மரத்தில் விழுந்த வெயில் நம் மூக்கில் நாற்றமாக ஏறுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

சேற்றுக்கு இப்படி மரியாதை கொடுத்த முதல் ஆள் என்று நான் நினைப்பது ரேமண்ட் லிண்டெமன் என்ற இளைஞரை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சீடார் பாக் ஏரி என்று ஒரு சின்ன, ஆழமில்லாத, தூர்ந்துகொண்டிருந்த ஏரி. அதில் மிதவை உயிர்கள், புழுக்கள், மீன்கள் என்று ஆண்டுக்கணக்கில் சேகரித்து, யார் யாரைத் தின்கிறார் என்பதை எல்லாம் ஆற்றல் என்ற ஒரே அளவில் மாற்றி எழுதினார். அதுவரை பெரும்பாலும் எத்தனை மீன், எத்தனை பூச்சி என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆற்றல் ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு எந்த விகிதத்தில் போகிறது என்று அவர் கேட்டார். அந்தக் கட்டுரையை முதலில் பார்த்த ஏரி வல்லுநர்கள் கோட்பாடு அதிகம், தரவு போதாது என்று திருப்பி அனுப்பச் சொன்னார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வழிகாட்டிய ஹட்சின்சன் வாதாடிய பிறகே ஏற்கப்பட்டது. 1942-இல் கட்டுரை அச்சில் வந்தபோது லிண்டெமன் உயிரோடு இல்லை. கல்லீரல் நோயால் 27 வயது நிறைவதற்கு முன்பே இறந்துவிட்டார். அந்தக் கட்டுரையின் படத்தில் பாசி, மீன், புழு எல்லாவற்றையும் சுற்றிலும் போட்டு, நடுவில் அவர் வைத்தது ஏரியின் அடிச்சேற்றை. பல அம்புகள் அதற்குள் போகின்றன, அதிலிருந்தும் கிளம்புகின்றன. நம் பாடப்புத்தகங்கள் அவருடைய பத்து சதவீதத்தை வைத்துக்கொண்டு சேற்றை விட்டுவிட்டன என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இலையே இந்தக் கழி முழுவதையும் ஊட்டுகிறது என்றும் நான் சொல்லமாட்டேன். கார்பனின் இரு வகை அணுக்களின் விகிதத்தை வைத்து, இறாலின் சதை எதைத் தின்று வளர்ந்தது என்று பார்க்கும் முறை வந்த பிறகு, பல நாடுகளின் சதுப்புக் காடுகளில் இன்னொரு உணவும் தெரிய வந்தது. வற்றத்தில் சேற்றின்மேல் பழுப்பாகப் பளபளக்கும் படலம் இருக்கிறதே, அது டயாட்டம் என்ற நுண்பாசி. கண்ணுக்கு ஒன்றுமில்லாத அந்தப் படலம் நேரடியாக வெயிலைப் பிடிக்கிறது. துவர்ப்பும் நாரும் இல்லாததால் எளிதில் செரிக்கிறது. மடவை வாயைச் சேற்றில் வைத்து உறிஞ்சும்போது இலைத் துணுக்கும் டயாட்டமும் சேர்ந்தேதான் உள்ளே போகின்றன. முகத்துவாரத்துக்கு அருகே பாசியின் பங்கு கூடும், காட்டுக்கு உள்ளே போகப் போக இலையின் பங்கு கூடும்.

மடவையைத் தின்பது கொடுவா. ஒரு கிலோ கொடுவா வளர ஏறத்தாழ பத்து கிலோ மடவையும் இறாலும், அந்தப் பத்து கிலோவுக்கு நூறு கிலோ துணுக்கும் பாசியும் என்று தோராயமாகக் கொள்ளலாம். சந்தையில் கொடுவாவுக்கு விலை ஏறியே இருக்கும், மடவை மலிவு. என்னைக் கேட்டால் மடவை வாங்குங்கள் என்பேன். சேற்றுக்கு ஒரு படி மேலே இருக்கும் மீன் அது; அதே காட்டிலிருந்து பத்து மடங்கு அதிகம் பேர் சாப்பிடலாம். குழம்புக்கும் நன்றாகவே இருக்கும்.

நீர்க்காகத்தையும் நாரையையும் எடுத்துக்கொள்ளுங்கள். மீன் தான் செரித்ததில் ஒரு நல்ல பங்கைச் சதையாக்குகிறது. பறவைக்கு உடம்புச் சூட்டைக் காப்பதிலேயே கிட்டத்தட்ட எல்லாம் போய்விடும். செரித்ததில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் உடம்பாகத் தங்கும். அதனால்தான் ஒரு நாரைக் கூட்டம் பிழைக்க அவ்வளவு பெரிய கழி வேண்டியிருக்கிறது. குளிர்காலத்தில் வரும், மீன் பிடித்துத் தின்னும் பருந்து வகையான விராலடிப்பானை இவ்வளவு பெரிய காட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பார்க்கிறோம் என்றால், அதற்கும் காரணம் இந்தக் கணக்குதான்.

காட்டை ஒட்டி வாழும் இருளர் குடும்பங்கள் கழியில் இறங்கி, சேற்றையும் வேரடியையும் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டு, உட்கார்ந்தபடியே நகர்வார்கள். ஒரு அக்காவிடம், இறால் எங்கே அதிகம் இருக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். "எலை தேங்கி ஊறுற எடமாப் பாத்து கைய வுடணும் டீச்சரம்மா. வெறும் மணலா இருந்தா ஒண்ணும் இருக்காது" என்றார். நான் ஒரு மணி நேரம் வகுப்பெடுத்ததை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். என் மாணவர்களுக்கு அன்று அவர்தான் ஆசிரியர்.

அந்த இறாலுக்கும் பக்கத்துப் பண்ணைக் குட்டையில் வளரும் வெனாமி இறாலுக்கும் உள்ள வித்தியாசம் வெயில் வரும் வழிதான். காட்டு இறாலுக்கு யாரும் தீவனம் போடுவதில்லை. குட்டை இறாலுக்கு வரும் தீவனத்தில் கடலில் பிடித்து அரைத்த மீன்தூளும் எங்கோ வயலில் விளைந்த சோயாவும் இருக்கின்றன. ஆக்சிஜனுக்குக் காற்றாடி சுழல மின்சாரம் வேறு. வேறொரு கடலின், வேறொரு நிலத்தின் வெயிலை மூட்டையில் கட்டிக் கொண்டுவந்து கொட்டுகிறோம். குட்டையால் பிழைக்கிற குடும்பங்களையும் எனக்குத் தெரியும்; அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விலை பேசும்போது காடு இலவசமாகத் தருவதற்கு ஒரு மதிப்பு வைக்கவேண்டும் என்கிறேன்.

இலை விழாமல் போனால் என்ன ஆகும் என்பதை இந்தக் காடு ஒருமுறை பார்த்துவிட்டது. பிரிட்டிஷ் காலம் தொடங்கி 1970-கள் வரை பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். மரம் போன இடத்தில் சேறு வெயிலில் காய்ந்து அமுங்கிப் பள்ளமானது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கி ஆவியாகி, உப்பு ஏறி, அங்கே விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. வெயில் மட்டும் முன்பு போலவே விழுந்துகொண்டிருந்தது. பிடிக்க இலை இல்லாததால் அது சேற்றைச் சுட்டுவிட்டுப் போனது. பிறகு எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து, மீன்முள் வடிவத்தில் கிளைக் கிளையாக வாய்க்கால் வெட்டி ஏற்றமும் வற்றமும் போய்வர வழி செய்தார்கள். கரையில் கன்று நட்டார்கள். இன்றைக்குப் படகில் போகும்போது நேர்கோட்டில் வரிசையாக வெண்கண்டல் தெரிந்தால் அது பெரும்பாலும் அப்படி நட்டதாக இருக்கும். இன்னும் தீராத ஒன்று நன்னீர். கொள்ளிடத்தில் வெள்ளம் வரும் நாட்கள் தவிர மற்ற காலத்தில் வருகிற தண்ணீர் குறைவு. உப்பு கூடினால் மரம் உப்பைத் தள்ளவே அதிகம் செலவழிக்கும், இலைக்கு மிஞ்சுவது குறையும், இறால்வரை அது போய்ச் சேரும்.

கழி இல்லாத ஊரில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலைப்பை சோதனையை ஏரியிலும் குளத்திலும் செய்யலாம், செலவே கிடையாது. புங்கம், ஆல், நாணல் என்று கரையில் இருப்பதையே எடுங்கள். மரத்திலிருந்து பறிக்காமல், தானே உதிர்ந்த இலையாகப் பொறுக்குங்கள். நிழலில் காயவைத்து நிறுத்த பிறகு பையில் போடுங்கள். எடுக்கும்போதும் அலசிக் காயவைத்துத்தான் நிறுக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரின் எடைதான் வரும். பைக்குள் இருக்கும் உயிர்களை வெள்ளைத் தட்டில் கொட்டி, பிள்ளைகளை வரையச் சொல்லிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் அதே தண்ணீரில் விட்டுவிடுங்கள். தில்லை மரம் இருக்கும் ஊராக இருந்தால் அதை மட்டும் பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.